நோயாளிக்கு முன் ஏடுகள் செல்லட்டும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை செல்லும் சாலையில் இன்று ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. இராமாநுசர் பிறந்த தலம் என்றே ஒரு காலத்தில் அறியப்பட்ட ஊர் ஸ்ரீபெரும்புதூர். அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை இயங்கலாயிற்று. பின்னர் லாரி செய்யும் ஆலையும், மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலையும் வந்தன. ஏரி நீரால் நெல் விளைந்த ஊர்களில் இன்று கொரிய எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம். இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயின்றவர் பலர் இவ்வாலைகளில் பிட்டராகவும், வெல்டராகவும், சூப்பர்வைசராகவும் இருக்கின்றனர்.

அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அயல்நாட்டிலிருந்து வாங்கிய பெரிய இயந்திரம் ஒன்று பழுதுபட்டு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அதனைக் கழற்றிக் கப்பலேற்றி அந்நாட்டுக்கு அனுப்புகிறார்களா? இல்லை. முதலில் அளவுகளை எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், ஓடும்போது எழும் அதிர்வைக் கருவியால் பதிவு செய்கிறார்கள். இவற்றையெல்லாம் இயந்திரத்தைச் செய்தவர்களுக்கு அனுப்புகிறார்கள். அங்குள்ள பொறியாளர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து விடை எழுதுகிறார். 'இன்ன பேரிங்கை மாற்றினால் போதும்' என்று சில வேளை விடை வரும். 'இன்னும் இன்ன அளவை எடுத்து அனுப்புங்கள்' என்று சில வேளை வரும். 'இப்பகுதியை எங்களுக்கே அனுப்பிவிடுங்கள்' என்று எப்போதாவது வரும். எதுவாயினும், சான்று போய்ச் சேர்ந்து விடை வந்த பின்னரே பொருள் இடம் பெயரும்.

இரும்புக்குக் காட்டும் இந்த நிதானத்தை உடம்புக்குக் காட்ட நாம் ஏன் தயங்குகிறோம்? வீட்டில் ஒருவருக்குக் கொடிய நோய் என்று தெரிந்ததும், 'சிங்கப்பூருக்குக் கொண்டுபோ', 'அமெரிக்காவுக்குக் கொண்டுபோ' என்று உறவினர் சொல்கின்றனர். நிலம் விற்ற பணம் கையில் இருந்தால் அச்சொல்லுக்கு வலிமை மிகுந்துவிடுகிறது. நோயாளியும் பணமும் புறப்பட்டுவிட்ட பின்னரே, அப்பயணம் வேண்டியதுதானா என்ற கேள்வி எழுகிறது. இம்முறை தலைகீழானது. நோயாளி பயணப்படுமுன் அவருடைய ஏடுகள் பயணப்பட வேண்டும். தொலைவிலிருந்து இரண்டாம் மருத்துவக் கருத்துப் பெறுவது என்பது இதுதான். இதனைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சிறிது வரலாறு காண்போம். நம் மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் பிறந்து முதலமைச்சரான அறிஞர் அண்ணாவுக்கு 1968ஆம் ஆண்டில் உணவுக்குழலில் புற்றுநோய் கண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் நியூயார்க் நகரத்துக்குச் சென்று, அங்குள்ள மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் மில்லரிடம் அறுவைச் சிகிச்சை பெற்றார். ஊர் திரும்பிய அவர் 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார். அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று அமைந்தது; அது இன்றும் பணியாற்றுகிறது.

1984ஆம் ஆண்டு அக்டோபரில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் நோயுற்றுச் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது வெளிநாட்டு வல்லுநர்கள் விமானமேறிச் சென்னைக்கு வந்து, அவர் படுக்கையருகே நின்று தம் கருத்தைச் சொன்னார்கள். பின்னர் நவம்பரில் அவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பரில் அங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 1985 பிப்ரவரியில் அவர் தாயகம் திரும்பினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் உண்மை தெரிகிறது. அந்நாளில் தொலைநாட்டு மருத்துவரின் கருத்து வேண்டுமானால், நோயாளி அங்கே போக வேண்டும். அல்லது மருத்துவர் இங்கே வர வேண்டும். முதலமைச்சருக்கு இரண்டும் இயன்றன. அவர் அலுவலகத்துக் கடைநிலை ஊழியருக்கு இரண்டுமே இயலா.

இந்த நிலையை மாற்றியது செய்தித் தொடர்பு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிறு மருத்துவமனையைத் தொலை மருத்துவ நிலையமாக 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். மறு ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் செயற்கைக்கோள் வாயிலாக அரகொண்டாவையும் சென்னை மருத்துவமனையையும் இணைத்துத் தொலை மருத்துவச் சோதனையை மேற்கொண்டது. ஊரில் எடுத்த படத்தைச் சென்னை நிபுணர் தம் அறையில் இருந்தபடியே பார்த்தார். 2019ஆம் ஆண்டில் மைய அரசு 'இ-சஞ்சீவனி' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020இல் அது வீட்டிலுள்ள நோயாளிக்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் தொலை மருத்துவ நெறிமுறைகளும் வெளியாயின. முன்பு ஒரு முதலமைச்சருக்கே கிட்டிய வாய்ப்பு, இன்று ஒரு பிட்டரின் குடும்பத்துக்கும் எட்டுகிறது. எட்டும் வாய்ப்பைப் பயன்படுத்த அறிவு வேண்டும், அவ்வளவே.

இனி, பயணப்பட வேண்டிய ஏடுகள் எவை என்று பார்ப்போம். அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை எழுத்து. நோய் தொடங்கிய நாள், அறிகுறிகள், உண்ட மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், முன்னர் நடந்த அறுவைச் சிகிச்சைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரும் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றைக் கேட்பதற்குப் பலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். ஆகவே ஏடுகளைக் கேட்பது சலுகை வேண்டுவதன்று, உரிமையைப் பெறுவது.

இரண்டாம் வகை படம். சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய கருவிகள் உடம்பை மெல்லிய தகடுகளாக வெட்டினாற்போல நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றன. நம் கையில் தரும் பிலிமில் இடம்பெறுவன அவற்றுள் சிலவே. அந்தப் பிலிமையும் சன்னலருகே தூக்கிப் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். அது வரைபடத்தைப் பனிமூட்டத்தில் பார்ப்பதை ஒக்கும். உண்மையான பதிவு 'டைகாம்' என்னும் கணினி முறையில் குறுந்தட்டிலோ இணையத்திலோ இருக்கும். அதனைப் பெறும் மருத்துவர், எலும்பு தெரிய ஓர் ஒளியளவும், நுரையீரல் தெரிய வேறோர் ஒளியளவும் வைத்துப் பார்க்க முடியும். புண்ணின் நீள அகலங்களைத் தாமே அளக்கவும் முடியும். எனவே பிலிமோடு நிற்காமல் குறுந்தட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் வகை திசு. புற்றுநோய் என்று ஐயம் எழும்போது உடம்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கிறார்கள். இதனையே பயாப்சி என்கிறோம். அத்துணுக்கை மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக்குகின்றனர். அக்கட்டியை மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனமுள்ள சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்கின்றனர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். மெழுகுக் கட்டி பல ஆண்டுகள் கெடாது. அதிலிருந்து மேலும் சீவல்கள் எடுத்து வேறு சாயங்களால் வேறு சோதனைகள் செய்யலாம். புற்றுநோயில் இரண்டாம் கருத்தின் உயிர்நாடி பெரும்பாலும் இந்த மெழுகுக் கட்டியிலேதான் இருக்கிறது. கட்டைவிரல் அளவே உள்ள அது கூரியர் உறையில் பயணம் செய்யும். அதற்கு விசாவும் வேண்டா, விடுதியும் வேண்டா.

இதன் பயனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். ஒரகடத்து ஆலையொன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரின் தாயாருக்கு மார்பகத்தில் கட்டி தோன்றியது. சோதித்துப் பார்த்தனர், புற்றுநோய் என்று வந்தது. ஒரு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று அங்கிருந்த மருத்துவர் கூறினார். குடும்பத்தில் நிலம் விற்ற பணம் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த உறவினர், 'அம்மாவை இங்கே அழைத்து வந்துவிடு. செலவைப் பார்க்காதே' என்று வற்புறுத்தினார். தந்தையார் அந்தப் பணத்தைத் தங்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்தார். வீடு இரண்டுபட்டு நின்றது. 'பணத்தைப் பார்த்துத் தாயைக் கைவிட்டவன் என்று நாளை ஊர் சொல்லாதா, ஐயா?' என்று அம்மாணவர் என்னிடம் கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். 'தம்பி, அம்மாவை அனுப்புமுன் அம்மாவின் ஏடுகளை அனுப்பு' என்று மட்டும் கூறினேன். அவர் எழுத்து மூலம் விண்ணப்பித்து ஆவணங்களைப் பெற்றார். மெழுகுக் கட்டியையும் படப் பதிவையும் பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார். பத்து நாளில் விடை வந்தது. நோய் புற்றுநோயே என்பது உறுதியாயிற்று. முதல் மருத்துவர் அதில் தவறவில்லை. ஆனால் 'ஹெர்-2' என்னும் புரதத்துக்கான சோதனை அதுவரை செய்யப்படாமல் இருந்தது. மெழுகுக் கட்டியிலிருந்து அச்சோதனையைச் செய்தபோது அப்புரதம் மிகுந்திருப்பது தெரிந்தது. அந்த வகை நோய்க்கு 'டிராஸ்டுசுமாப்' என்ற தனி மருந்து இருக்கிறது. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பின்னர் அறுவைச் சிகிச்சை செய்து, ஓராண்டு நிறையும் வரை அம்மருந்தைத் தொடர வேண்டும் என்று விடையில் எழுதியிருந்தார்கள். இவை அனைத்தும் சென்னையிலேயே கிடைக்கும் என்றும் குறித்திருந்தார்கள்.

அவ்வம்மையார் சென்னையிலேயே சிகிச்சை பெற்றார். விமானத்துக்கும் வாடகை வீட்டுக்கும் போயிருக்கக்கூடிய பணம் ஓராண்டு மருந்துக்கு உதவியது. மகன் வேலையை விட நேரவில்லை. தாயும் தன் வீட்டில், தன் மொழி பேசுவோரிடையே, தன் கைச்சமையல் இல்லாவிட்டாலும் மருமகளின் சமையலை உண்டு அந்த ஓராண்டைக் கழித்தார். இப்போது மூன்றாண்டு கடந்துவிட்டது; குறித்த நாளில் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். இங்கே நோயின் பெயர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சிகிச்சையின் வரிசையும், அதனைப் பெறும் இடமுமே மாறின. ஆயினும் அம்மாற்றம் ஒரு குடும்பத்தைக் காத்தது.

'இரண்டாம் கருத்து எத்தனை முறை முதற்கருத்தினின்றும் வேறுபடும்?' என்று கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் கேட்கலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேறு மருத்துவரால் அங்கே அனுப்பப்பட்ட 286 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 12 பேருக்கே முதலில் சொன்ன நோய் முழுதும் சரியாக இருந்தது. நூற்றுக்கு 66 பேருக்கு அது மேலும் தெளிவாக வரையறுக்கப்பட்டது. நூற்றுக்கு 21 பேருக்கு முற்றிலும் வேறு நோய் என்று தெரிந்தது. இதனைக் கேட்டவுடன், 'ஐந்தில் ஒரு மருத்துவர் தவறு செய்கிறார்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எளிதில் விளங்காத நோயுடையோரே மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். சளிக்காய்ச்சலையும் கால் முறிவையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. அன்றியும் அவர்கள் அங்கே நேரில் சோதிக்கப்பட்டவர்கள். ஆனால் சிக்கலான நோயில் முதல் விடை இறுதி விடையாக இருக்க வேண்டியதில்லை என்பது இவ்வாய்வால் விளங்குகிறது.

இரண்டாம் கருத்துக் கேட்டால் முதல் மருத்துவர் மனம் புண்படுவாரே என்று சிலர் தயங்குவர். நான் முன் சொன்ன அதே 2002ஆம் ஆண்டு விதிகள், கடுமையான அல்லது ஐயத்துக்குரிய நோய்நிலையில் மருத்துவரே பிற மருத்துவரின் ஆலோசனையை நாட வேண்டும் என்கின்றன. பரீட்சை விடைத்தாளை மறுமுறை திருத்தக் கேட்பது முதலில் திருத்திய ஆசிரியரைப் பழிப்பதாகாது அல்லவா? நல்ல மருத்துவர் தாமே ஏடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பார். அவரிடம் மறைத்துச் செய்வதைவிடச் சொல்லிச் செய்வதே சாலச் சிறந்தது. பிறகு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் பெரும்பாலும் அவரே.

கருத்தை யாரிடம் கேட்பது? புற்றுநோய்க்கு மும்பை டாட்டா நினைவு மையமும் 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் சேர்ந்து, 'நவ்யா' என்ற அமைப்பின் வாயிலாக இணையத்தில் கருத்து வழங்குகின்றன. சென்னையின் பெரிய மருத்துவமனைகள் பலவும், வெளிநாட்டு மருத்துவமனைகள் சிலவும் இவ்வகைப் பிரிவுகளை நடத்துகின்றன. எவரை நாடினாலும் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி அனுப்ப வேண்டும். கேள்வி தெளிவாக இல்லாவிடில் விடையும் தெளிவாக இராது என்பது ஆசிரியத் தொழிலில் நான் கண்டது.

முதலாவது கேள்வி: நோய் இன்னதென்பது உறுதியா? உறுதி இல்லையெனில் எச்சோதனை பாக்கி? இரண்டாவது: சிகிச்சையின் நோக்கம் நோயை முற்றும் போக்குவதா, அடக்கி வைப்பதா, வலியைத் தணிப்பதா? மூன்றாவது: என்னென்ன வழிகள் உள்ளன? ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பதும் அவற்றுள் ஒன்றா? நான்காவது: இவற்றுள் எது நம் நாட்டில் கிடைக்காதது? ஐந்தாவது: வெளிநாடு சென்று திரும்பினால், பின்னர் வரும் மாதங்களில் இங்கே யார் கவனிப்பார், எம்மருந்து தொடரும்?

இவ்வைந்தில் நான்காவதே பயணத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அதன் விடை காலத்தோடு மாறும் என்பதற்கும் நம் சென்னையிலேயே சான்று உண்டு. புரோட்டான் கதிர் என்பது சில வகைப் புற்றுநோய்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகளுக்கு, ஏற்ற சிகிச்சை. பக்கத்துத் திசுவைக் குறைவாகத் தாக்குவது அதன் சிறப்பு. 2018ஆம் ஆண்டில் அது வேண்டியிருந்த இந்தியக் குழந்தையின் பெற்றோருக்கு, 'வெளிநாடு செல்லுங்கள்' என்பதே நேர்மையான விடை. 2019 ஜனவரியில் சென்னைத் தரமணியில் அப்போலோ புரோட்டான் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முதல் அவ்விடை, 'தரமணிக்குச் செல்லுங்கள்' என்று ஆயிற்று. பழைய செய்தியை நம்பிப் பயணப்படுவோர் கையிலிருக்கும் கனியைத் தேடிக் கடல் கடப்பவராவர். அதே சமயம், இங்கே கிடைக்காத சிகிச்சை ஒன்று உண்மையிலேயே வேண்டியிருந்து, அதனால் பயன் உண்டென்று இரண்டாம் கருத்தும் சொல்லுமாயின், தயங்காமல் புறப்பட வேண்டும். இரண்டாம் கருத்து பயணத்தைத் தடுக்கும் வேலி அன்று. வழியைக் காட்டும் கைகாட்டி மரம்.

அப்படிப் புறப்படும்போதும் நோயாளியின் உடம்பு பயணத்தைத் தாங்குமா என்று கேட்டறிய வேண்டும். உயரத்தில் பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போலக் குறையலாம். நம் உதகமண்டலமே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நலமுள்ளவர் இதனை உணரமாட்டார். நுரையீரல் நோயுடையவர்க்கும் அண்மையில் மார்பில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்க்கும் இது இடர் தரக்கூடும். நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பதால் கால் சிரைகளில் இரத்தம் உறைவதும் உண்டு.

நாம் வெளிநாடு போவதை மட்டுமே பேசுகிறோம். வங்காளதேசம், மாலத்தீவு, ஓமன் முதலிய நாடுகளிலிருந்து சென்னைக்கு மருத்துவத்துக்காக வருவோரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு நம் நாடே வெளிநாடு. ஒரகடத்தில் பணிபுரியும் கொரியப் பொறியாளர் நோயுற்றாலும், இங்கே தங்குவதா, தாயகம் திரும்புவதா என்ற இதே கேள்வி எழும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இவ்வாலைகளில் உழைக்கும் இளைஞருக்கு அதே கேள்வி வேறு உருவில் வரும். எல்லாருக்கும் வழி ஒன்றே: ஏடுகள் முன்னே, ஆள் பின்னே.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பாடத்தையே நடத்தியவனாவேன்.

அவசர நோய்க்கு இரண்டாம் கருத்துக் கூடாது. திடீரென ஒரு கை செயலற்று, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது மூளைத் தாக்கு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். மார்புவலி, மூச்சுத்திணறல், ஆலை விபத்து ஆகியவற்றுக்கும் 108ஐ அழைத்து அருகிலுள்ள தக்க மருத்துவமனைக்கு ஓடுவதே அறிவு. கருத்துக் கேட்பது, சில நாள் பொறுத்தாலும் கெடாத நோய்களுக்கே உரியது. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதையும் முதல் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைவிலிருப்பவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. நோயாளி நடக்கும் நடையையும் முகவாட்டத்தையும் முழுமையாகக் காண முடியாது. ஆகவே 'நேரில் பார்த்தே சொல்ல முடியும்' என்று மருத்துவர் எழுதினால் அதுவும் ஒரு நேர்மையான விடையே. 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளும் தொலைவிலிருந்து சொல்ல இயலுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுள்ளன. இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் எம்மாநில நோயாளிக்கும் அவ்வாறு ஆலோசனை கூறலாம். இந்திய எல்லைக்கு வெளியே நிகழும் ஆலோசனைகளை அந்நெறிமுறைகள் தம் வரம்பில் சேர்க்கவில்லை. எனவே வெளிநாட்டு மருத்துவரின் கருத்தை, சிகிச்சை தரும் நம் மருத்துவரிடம் கொடுத்து, அவர் ஏற்றுச் செயற்படுத்துமாறு செய்வதே முறை.

மற்றுமோர் எச்சரிக்கை. கருத்துச் சொல்பவரே சிகிச்சை தந்து கட்டணம் பெறப் போகிறவரானால், அக்கருத்தைச் சற்று ஆராய்ந்தே ஏற்க வேண்டும். 'கருத்து இலவசம், உடனே புறப்பட்டு வாருங்கள்' என்று அழைக்கும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மருத்துவரின் பெயரும் பதிவும் கையொப்பமும் இல்லாத கருத்து கருத்தாகாது. நமக்குப் பிடித்த விடை வரும் வரை மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கேட்டுக்கொண்டே போவதும் தவறு. இரு கருத்துகள் முரண்பட்டால், இரு மருத்துவரையும் ஒருவரோடொருவர் பேசுமாறு வேண்டிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மாணவர்களாகிய உங்களிடம் ஏன் சொல்கிறேன்? திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து உதவுபவனையும் நான்காம் கூறாகச் சமமாக வைக்கிறார். உங்கள் வீடுகளில் அந்நான்காமவர் பெரும்பாலும் நீங்களே. தந்தையார் ஷிப்டுக்குப் போயிருப்பார். தாயாருக்கு ஆங்கில அறிக்கை விளங்காது. படிக்கத் தெரிந்த மகனோ மகளோதான் அந்தத் தாளைக் கையில் வாங்குகிறீர்கள். அத்தாளில் தேதி வாரியாக எண் இட்டுக் கோப்பில் சேர்ப்பதும், உண்ணும் மருந்துகளை ஒரு தாளில் பட்டியலாக எழுதுவதும், குறுந்தட்டையும் மெழுகுக் கட்டியையும் மறவாமல் கேட்டு வாங்குவதும், ஐந்து கேள்விகளைப் பிழையின்றி எழுதுவதும் பத்தாம் வகுப்பு மாணவனால் ஆகக்கூடிய வேலைகளே. நோயாளியின் இசைவு பெறாமல் அவருடைய ஏடுகளை எவருக்கும் அனுப்பக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நோய் அவருடையது, முடிவும் அவருடையதே.

அச்சம் வந்த வீட்டில் எல்லாரும் ஒரே வேளையில் பேசுவார்கள். அங்கே ஒருவர் அமைதியாக அமர்ந்து தாள்களை அடுக்கினால், அந்த வீட்டின் போக்கே மாறும். இந்த வாரம் விடுமுறை நாளில் உங்கள் வீட்டுப் பெட்டியில் சிதறிக் கிடக்கும் மருத்துவத் தாள்களை எடுத்து, ஒருவருக்கு ஒரு கோப்பு வீதம் அடுக்கி வையுங்கள். நோய் வருமுன் செய்த அவ்வேலை, நோய் வந்த அன்று பெருந்துணையாக நிற்கும்.